பழைய டைவ் வாட்ச் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

சேகரிப்பவர்கள் தேடி அலைகிற டைவ் வாட்சுகளில் பெரும்பாலானவை 1953-க்கும் 1980-களின் கடைசிக்கும் இடையில் வந்தவை. பிளாங்பான் ஃபிஃப்டி ஃபாதம்ஸ், ரோலெக்ஸ் சப்மரீனர் இரண்டும் தொடக்கப் புள்ளி. பின்னாலேயே டியூடர் சப்மரீனர், ஒமேகா சீமாஸ்டர் 300, டாக்ஸா சப் 300டி, சீகோவின் 62மாஸ், 6105, 6309 என்று வரிசையாக வந்தன. எல்லாமே கடலுக்குள் வேலை செய்வதற்காகக் கட்டப்பட்டவை. ஆனால் இன்று அவற்றின் ரப்பருக்கும், இருட்டில் ஒளிரும் பூச்சான லூமுக்கும் வயது நாற்பது, ஐம்பது, அறுபது என்று ஆகிவிட்டது. எதை வாங்கினாலும் ஒரு கட்டத்தில் ஏதாவது மக்கர் செய்யத்தான் செய்யும்.

அந்த நேரத்தில் நான் பின்பற்றுகிற விதி ஒன்றுதான். தண்ணீரைத் தடுக்கும் பாகம் என்றால் தயங்காமல் மாற்றிவிடுவேன்: கேஸ்கெட் (அடைக்கும் ரப்பர் வளையம்), கிரவுன் (பக்கவாட்டில் இருக்கும் திருகு), அது உட்காரும் கிரவுன் குழாய், கண்ணாடி. வயதைக் காட்டும் பாகம் என்றால் கை வைக்க மாட்டேன்: டயல், முட்கள், பெசல் இன்சர்ட் (கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் வளையமான பெசலில் எண்கள் உள்ள தகடு), கேஸின் (வெளிக்கூட்டின்) விளிம்புகள். முதல் வகையை மாற்றாமல் விட்டுவைத்தால் இரண்டாவது வகை அழிந்துபோகும். அழிந்துபோன டயலை எப்பேர்ப்பட்ட மெக்கானிக்காலும் பழையபடி கொண்டுவர முடியாது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் இந்த விதியை வைத்தே பார்த்திருக்கிறேன்.

கையில் 10 மடங்கு லூப் (உருப்பெருக்கி), சின்னப் புற ஊதா டார்ச், ஒரு திசைகாட்டி இருந்தால் போதும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் வாட்சை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குப் போய்த் திரும்பும் வாட்சில் என்ன மாறியது என்று சொல்ல அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

கண்ணாடிக்குள் பனி படிகிறது

அறிகுறிகளிலேயே அவசரமானது இது. மற்ற எதுவும் ஒரு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

பனி எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். வெயிலிலிருந்து குளிரூட்டப்பட்ட அறைக்குள் வந்ததும் கண்ணாடியின் உட்புறம் மங்கலாகி, கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளிந்துவிடுகிறதா? அப்படியானால் கேஸுக்குள் ஈரக்காற்று இருக்கிறது. உள்ளே முதலில் குளிர்வது கண்ணாடிதான் என்பதால் ஈரம் அங்கே படிந்து தெரிகிறது. தெளிந்துவிட்டதால் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஈரம் எங்கேயும் போகவில்லை. முட்களின் அடியிலும் டயல் ஓரத்திலும் மெஷினின் எஃகுத் திருகுகளிலும் உட்கார்ந்திருக்கிறது.

சந்தேகமாக மட்டும் இருந்தால் ஒரு சோதனை உண்டு. டைவ் வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தில் இருக்கிற சோதனைதான்: வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடி மேல் அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். சொட்டு இருந்த இடத்தில் உட்புறம் பனி நின்றால் வாட்ச் தேறவில்லை. வீட்டில் அந்த அளவு சூடு தேவையில்லை. வாட்சைச் சட்டைப்பைக்குள் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த தண்ணீர் ஒரே ஒரு சொட்டு கண்ணாடியின் நடுவில் வைத்தால் போதும். சொட்டு ஓரத்துக்கு ஓடக் கூடாது. கண்ணாடியில் விரிசல் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். இந்தத் தரம் முதலில் வெளிவந்தது 1982-இல். நாம் சேகரிக்கிற வாட்சுகளில் பாதிக்கு மேல் அதற்கு முந்தியவை; டயலில் எழுதியிருக்கும் ஆழம் அந்தந்தக் கம்பெனி தானே சோதித்துச் சொன்னது. 200 மீட்டர் என்ற எழுத்து வாட்ச் புதிதாக இருந்த நாளுக்கு உரியது.

பனி உறுதியானால் கிரவுனைத் திறந்து வெளியே இழுத்து வையுங்கள், உலர்ந்த இடத்தில் வையுங்கள், கையில் கட்டாதீர்கள். அரிசிக்குள் புதைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது, வெயிலில் காயவைப்பது மூன்றும் கூடாது. சூடு ஈரத்தை ஆவியாக்கி மெஷினின் மூலைமுடுக்கெல்லாம் பரப்பும். எண்ணெயையும் இடம்பெயர வைக்கும். ஏற்கெனவே பிடிமானம் இல்லாத லூமை உதிரவும் வைக்கும். உள்ளே போனது கடல் தண்ணீர் என்றால் கணக்கே வேறு. உப்பு எஃகைப் பிடித்துத் துரு கிளம்ப ஓரிரு நாள் போதும். அன்றைக்கே மெக்கானிக்கிடம் போங்கள், உப்புத் தண்ணீர் என்று வாயால் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் சாதாரண ஈரம் என்று நினைத்து வரிசையில் வைத்துவிட வாய்ப்பு உண்டு.

அப்புறம், எந்த வழியாக உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். வழிகள் மூன்றுதான்: கிரவுன், கண்ணாடி ஓரம், பின்மூடி. 1967-இலிருந்து வந்த ரோலெக்ஸ் சீ-டுவெல்லர் 1665 போன்றவற்றில் ஹீலியம் வால்வு (உள்ளே சேரும் ஹீலியம் வாயுவை வெளியேற்றும் துளை) நான்காவது வழி. நல்ல மெக்கானிக் முதலில் உலர் சோதனை செய்வார். காற்றழுத்தம் கொடுக்கும்போது கேஸ் எவ்வளவு நசுங்குகிறது, அந்த நசுங்கல் நிலையாக நிற்கிறதா என்று கருவி மைக்ரான் கணக்கில் அளக்கும். நசுங்கி மெல்லத் திரும்பினால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். ஆனால் எந்த இடம் என்று அது சொல்லாது.

இடத்தைக் காட்டுவது ஈரச் சோதனை. கண்ணாடிக் குடுவையில் பாதி தண்ணீர். மேலே காற்றில் வாட்ச் தொங்கும். அழுத்தத்தை ஏற்றிச் சில நிமிஷம் விட்டால், ஓட்டை இருக்கும் வாட்சுக்குள் காற்று அழுத்தமாக நுழைந்திருக்கும். பிறகு வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தை மெதுவாகக் குறைப்பார்கள். உள்ளே நுழைந்த காற்று வந்த வழியாகவே வெளியேறும். கிரவுன் அடியிலிருந்து ஊசி முனை அளவில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு போட்டதுபோல் ஏறினால் குற்றவாளி கிரவுன் குழாய். பெசலுக்கு அடியிலோ லக் (பட்டை மாட்டும் கேஸின் கொம்பு) இடுக்கிலோ ஒரே ஒரு குமிழி ஒட்டிக்கொண்டு பிறகு விடுபட்டால் அது வெளியில் சிக்கிய காற்று, பயப்பட வேண்டாம். குமிழி தொடர்ந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. தொடர்ந்து வந்தால் அழுத்தம் பூஜ்யம் ஆவதற்கு முன்னால் வாட்சைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். பனி உள்ள பழைய வாட்சை உலர் சோதனை செய்யாமல் நேராகத் தண்ணீரில் இறக்குகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

பின்மூடி கேஸ்கெட் பெரும்பாலும் தார்ப் பிசுக்காகவோ கல்லாகவோ மாறியிருக்கும். புதியதில் விட்டம் மட்டும் ஒத்துப்போனால் போதாது, தடிமனும் ஒத்துப்போக வேண்டும். மெல்லியதாக இருந்தால் மூடி இறுகியது போலத் தெரியும், அடைப்பு இருக்காது. சூப்பர் கம்ப்ரஸர் கேஸ்கள் தனி ரகம். சுவிட்சர்லாந்தின் எர்வின் பிக்கெரெஸ் நிறுவனம் செய்து, லாஞ்சின், யூனிவர்சல் ஜெனீவ், ஹாமில்டன், ஷேஜர்-லெகூல்த்ர் எனப் பல பிராண்டுகளுக்குக் கொடுத்தது. ஆழம் கூடக்கூடத் தண்ணீரின் அழுத்தமே பின்மூடியைக் கேஸ்கெட் மேல் இன்னும் அழுத்தும்படி உள்ள அமைப்பு அது. அதில் கையில் கிடைத்த ஓ-வளையத்தைத் திணித்தால் அந்த அமைப்பே வேலை செய்யாது.

எல்லாம் மாற்றிச் சோதனையில் தேறினாலும் என் கருத்து இதுதான்: 3 பார் அழுத்தத்துக்கு மேல் சோதிக்கச் சொல்லாதீர்கள், நீச்சலுக்கும் கட்டாதீர்கள். மழைக்கும் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கும் அந்த அடைப்பு போதும். அரை நூற்றாண்டு ஆன கேஸில் புது கேஸ்கெட் போட்டாலும் கேஸ் புதிதாகிவிடாது.

கிரவுன் மரை பிடிக்கவில்லை, சும்மா சுற்றுகிறது, அல்லது சாவி ஏறவில்லை

கிரவுனை அழுத்தித் திருகும்போது பிடிக்காமல் வழுக்கினால், கிரவுனின் உள்மரையோ குழாயின் வெளிமரையோ தேய்ந்திருக்கிறது. லூப் வைத்துக் குழாயைப் பாருங்கள். மரையின் முனைகள் கூர்மையாக இல்லாமல் மழுங்கி, நடுவில் பளபளவென்று இருந்தால் ஆயுள் முடிந்தது. கிரவுனும் குழாயும் ஜோடி; ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் சீக்கிரம் தின்றுவிடும். ரோலெக்ஸில் 1953-இல் வந்த டுவின்லாக், 1970-இல் வந்த ட்ரிப்லாக் இரண்டுக்கும் குழாய் வேறு. கழற்றிய பழைய கிரவுனைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது வாட்சின் வரலாறு; சின்ன உறையில் போட்டு வாட்சோடு வைத்தால் அடுத்து வாங்குகிறவருக்கும் அது ஆதாரம்.

கிரவுன் முழுக்க இறுகிய பிறகும் கொஞ்சம் ஆடினால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கோ கேஸ்கெட்டோ போயிருக்கும். அதைச் சமாளிக்க இன்னும் இறுக்குவதுதான் மரை தேய்வதற்கே முதல் காரணம்.

பழுதாகத் தெரிந்து பழுது இல்லாதவையும் உண்டு. சீகோ 6105, 6309, பிறகு வந்த 7002 ஆகிய மெஷின்களில் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் நடக்காது. கிடையாக வைத்து மெதுவாக அசைத்தால் ஓட ஆரம்பிக்கும். 6105-8110-இல் கிரவுன் மரை போட்டு இறுகாது, உள்ளே தள்ளித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் வகை. மரை போய்விட்டது என்று நினைத்து அதை முறுக்குகிறவர்கள் அந்தப் பூட்டையே உடைத்துவிடுகிறார்கள். ரோலெக்ஸ் 1680-லும் 1665-லும் தேதியைத் தனியாகச் சட்டென்று மாற்ற முடியாது. முட்களை நள்ளிரவைத் தாண்டிச் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும். தேதியைத் தனியாக மாற்றும் வசதி உள்ளவற்றில், இரவு 9 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் இடையில் மாற்றாதீர்கள். தேதிப் பல்சக்கரம் கோத்திருக்கும் நேரம் அது.

இருட்டில் ஒளிரவில்லை

ஒளிராததுதான் சரி. 1960-களின் வாட்ச் இரவு முழுக்க ஒளிர்ந்தால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

1960-களின் தொடக்கம் வரை லூமில் ரேடியம் கலந்தார்கள். அதன் பிறகு 1990-கள் வரை சுவிஸ் வாட்சுகளில் டிரிட்டியம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1965-இல் பூசியது இன்றைக்கு ஏறக்குறைய ஐந்து அரை ஆயுளைக் கடந்துவிட்டது. மிச்சம் இருப்பது 3 சதவீதம் போல. அதோடு ஒளியை உண்டாக்குகிற துத்தநாக சல்ஃபைடும் சோர்ந்துபோயிருக்கும். ரேடியம் அப்படி இல்லை. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் கதிர் பட்டுப்பட்டுத் துத்தநாக சல்ஃபைடுதான் செத்துப்போனது. ஒளிரவில்லை என்பதால் கதிர்வீச்சு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

எது எது என்று பிரிக்க டயலின் அடிப்பகுதியைப் படியுங்கள். 6 மணிக்குக் கீழே ‘சுவிஸ் – டி<25’ அல்லது ‘டி சுவிஸ் டி’ என்று இருந்தால் டிரிட்டியம்; 25 மில்லிகியூரிக்குக் குறைவு என்பது அதன் பொருள். வெறும் ‘சுவிஸ்’ என்று மட்டும் இருந்தால் ரேடியம் காலத்தது, அல்லது வெகுகாலம் கழித்து சர்வீஸில் மாற்றிய டயல். பிரித்தானியக் கடற்படைக்குப் போன வாட்சுகளில் டயல் மேலேயே வட்டத்துக்குள் ‘டி’ போட்டிருக்கும். கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் கருவி கிடைத்தால் இன்னும் சுலபம். ரேடியம் கண்ணாடி வழியாகவே படபடவென்று அடிக்கும். டிரிட்டியத்தின் கதிர் கண்ணாடியைத் தாண்டாது.

புற ஊதா டார்ச்சை ஐந்து விநாடி அடித்து அணைத்துவிட்டுப் பாருங்கள். உண்மையான டிரிட்டியக் காலத்து லூம் லேசாக ஒளிர்ந்து சில விநாடிகளில் சட்டென்று செத்துவிடும். பச்சையாகப் பளிச்சென்று எரிந்து நிமிஷக்கணக்கில் நின்றால் அது 1990-களில் வந்த லூமினோவா வகைப் பூச்சு. யாரோ மறுபடி பூசியிருக்கிறார்கள் அல்லது டயலே மாறியிருக்கிறது. சீகோ 6309-க்கும் இதே சோதனை பொருந்தும், ஏனென்றால் இந்த வாட்சுக்கு வெளிச்சந்தை டயல்களும் முட்களும் ஏராளமாகப் புழங்குகின்றன.

முட்களும் டயலும் ஒரே மாதிரி ஒளிர்ந்து ஒரே வேகத்தில் அணைகின்றனவா என்பதைத் தனியாகக் கவனியுங்கள். டயல் புள்ளிகள் இரண்டு விநாடியில் அணைந்து, முட்கள் அரை நிமிஷம் நின்றால் முட்கள் மாறியவை. பகல் வெளிச்சத்திலும் இது தெரியும்: புள்ளிகள் வெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்க, முட்கள் மட்டும் வெள்ளையாக இருக்கும். முள் மாறியிருப்பது பெரிய குற்றம் ஒன்றுமில்லை. சர்வீஸில் சாதாரணமாக நடந்ததுதான். விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லூம் தூளாக உதிர்ந்து டயல் மேல் கிடந்தால் வாட்சை உடனே கழற்றி, அசைக்காமல் வையுங்கள். தூள் மெஷினுக்குள் போனால் நின்றுவிடும். ரேடியம் தூள் என்றால் உங்களுக்கும் ஆபத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகை முனையை உதட்டால் கூராக்கி டயல் தீட்டிய பெண்கள் தாடை அழுகி இறந்துபோனார்கள். உள்ளே போகும் தூள்தான் கொல்கிறது. மூடிய வாட்ச் கையில் இருப்பதைவிட, திறந்த டயலைச் சுரண்டுவது பல மடங்கு மோசம். ரேடியம் வாட்சை வீட்டில் திறக்காதீர்கள், லூமைச் சுரண்டாதீர்கள், பல வாட்சுகளைக் காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் அடைத்துப் படுக்கை அருகே வைக்காதீர்கள். ரேடியம் சிதைந்து ரேடான் வாயு வரும். அனுபவமுள்ள மெக்கானிக் முட்களின் பின்புறம் பிணைப்பான் பூசி, இருக்கிற லூமை அப்படியே நிறுத்திவிடுவார். புதிதாகப் பூசுவதைவிட இதையே நான் எப்போதும் கேட்பேன்.

டயலில் புள்ளி, பழுப்பு, வெடிப்பு

மூன்றும் வேறு வேறு. கறுப்பு டயல் சீராகப் பழுப்பாக மாறியிருந்தால் அந்தக் காலத்துப் பூச்சு வெயிலில் நிறம் மாறியது; சேகரிப்பவர்கள் இதை ‘ட்ராபிகல்’ என்று சொல்லித் தேடி வாங்குகிறார்கள். பளபளப்பான டயலில் சிலந்திவலை போல மெல்லிய வெடிப்பு இருந்தால் மேல்பூச்சு சுருங்கியது; 1980-களின் பளபளப்பு டயல் கொண்ட ரோலெக்ஸ்களில் இது நிறைய. இரண்டும் தானாக நடந்தவை, செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் ஓரத்திலிருந்து உள்ளே வரும் பொரிப்பொரியான புள்ளிகள், லூமைச் சுற்றிக் கறுத்த வளையம், பச்சை படிந்த இடம் ஆகியவை தண்ணீர் வந்து போனதற்கான தடயம். விற்பவர் இதையும் ‘ட்ராபிகல்’ என்றுதான் சொல்வார். டயலில் எந்தப் பக்கம் அதிகம் என்று பாருங்கள். 3 மணிப் பக்கம் மோசமாக இருந்தால் கிரவுன் வழியாக வந்திருக்கலாம். முதல் பகுதிக்குத் திரும்பிப் போய் அந்த வழியை அடையுங்கள், டயலை அப்படியே விட்டுவிடுங்கள். ஈரப் பஞ்சு, பிரஷ், ஊதும் காற்று என்று எதுவும் வேண்டாம். அச்செழுத்து ஒரே துடைப்பில் போய்விடும்.

மறுபூச்சு டயலா என்று சந்தேகம் வந்தால் எழுத்துகளை லூப்பில் பாருங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த தங்க எழுத்து ரோலெக்ஸ், டியூடர் டயல்களில் பெயரும் நிமிஷக் கோடுகளும் மேலே அச்சடித்தவை இல்லை. அடியில் இருக்கும் பித்தளைத் தகடுதான் கறுப்புப் பூச்சின் இடைவெளியில் தெரிகிறது. சாய்வாகப் பார்த்தால் எழுத்து கறுப்பைவிடச் சற்றே பள்ளத்தில் இருக்கும், வெளிச்சம் படும்போது உலோகமாக மின்னும். மறுபூச்சில் அதே எழுத்து தங்க நிற மையாக மேடாக உட்கார்ந்திருக்கும்.

பெசல் இறுகிவிட்டது, அல்லது லொடலொடக்கிறது

இறுகியதற்குப் பெரும்பாலும் காரணம் காய்ந்த உப்பும் வியர்வை அழுக்கும்தான். கிரவுன் இறுக்கமாக இருக்கிறதென்று நம்பி சோப்புத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். ஊறவைக்கும் தைரியம் அடைப்பு சோதித்த வாட்சுக்கு மட்டும்தான். மரக்குச்சியின் முனையால் இடுக்கைச் சுற்றிச் சுரண்டி, லேசாக நனைத்த மென்மையான பிரஷால் துடைத்துப் பாருங்கள். நகரவில்லை என்றால் மெக்கானிக் கழற்றித்தான் துடைக்க வேண்டும். கத்தி நுழைத்து நெம்பினால் கேஸில் விழும் கீறல் என்றைக்கும் போகாது. 1950-களின் பேக்கலைட் இன்சர்ட் உள்ள பெசல் என்றால் வீட்டில் எந்த முயற்சியும் வேண்டாம். அது வளையாது, உடையும். அதன் எண்களுக்குள் ரேடியமும் இருக்கும்.

இரண்டு பக்கமும் சுழல்கிறது என்று பழுது பார்க்கக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். ரோலெக்ஸ் 5513-லும் சீகோ 6309-7040-லும் அது பிறவி குணம். ஒரு பக்கம் மட்டும் சுழல்வது பிறகு பரவிய பாதுகாப்பு ஏற்பாடு. வெளிறி நீலமாகவோ சாம்பலாகவோ மாறிய அலுமினிய இன்சர்டை மாற்றாதீர்கள். இரண்டு கிரவுன் உள்ள சூப்பர் கம்ப்ரஸரில் உள்வளையம் சுழலவில்லை என்றால் பலவந்தம் செய்யாதீர்கள். கிரவுன் கேஸ்கெட் காய்ந்து பிடித்திருக்கும், முறுக்கினால் வளையத்தின் பல்லும் பூச்சும் போகும்.

வேகமாக ஓடுகிறது, மெதுவாக ஓடுகிறது, இரவில் நின்றுவிடுகிறது

திடீரென்று நாளுக்குப் பல நிமிஷம் வேகம் பிடித்தால் முதல் சந்தேகம் காந்தம். திசைகாட்டியை மேசையில் வைத்து வாட்சை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஊசி துள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்த நீக்கி வைத்து ஒரு நிமிஷ வேலை. ஊசி அசையவில்லை, ஆனாலும் வேகம் என்றால் முடிச்சுருளின் (வேகத்தை ஒழுங்குபடுத்தும் மெல்லிய ஸ்பிரிங்கின்) சுற்றுகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சர்வீஸ்தான் வழி.

மெல்ல மெல்லப் பின்தங்கினால் எண்ணெய் காய்ந்தது. வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் ஆம்ப்ளிட்யூட் (சமநிலைச் சக்கரம் ஆடும் கோணம்) பாருங்கள். சர்வீஸ் முடித்து முழுச் சாவியில் கிடையாக வைத்தால் 270 டிகிரிக்குப் பக்கத்தில் வர வேண்டும். 200-க்குக் கீழே இருந்தால் ஓட்டாதீர்கள். காய்ந்த அச்சு முனைகள் உராய்ந்து தேயும், பழைய மெஷினுக்கு அந்தப் பாகங்கள் கிடைப்பது லேசில்லை. கருவியில் துடிப்பை வாட்சுக்கேற்ப அமைத்தீர்களா என்றும் பாருங்கள். ரோலெக்ஸின் 1530 மெஷினுக்கு ஒரு மணி நேரத்துக்கு 18,000 துடிப்பு, 1520-க்கு 19,800, சீகோ 6309-க்கு 21,600, 6159-க்கு 36,000. கருவியில் கொடுக்கிற, மெஷினுக்குரிய லிஃப்ட் கோணம் தவறாக இருந்தால் ஆம்ப்ளிட்யூடும் தவறாகத்தான் வரும்.

பகலில் சரியாக ஓடி இரவில் நின்றால், கை அசைவில் சுழலும் எடையான ரோட்டார் சாவி ஏற்றவில்லை. பின்மூடிப் பக்கம் காதை வைத்து அசைத்துப் பாருங்கள். உலோகம் உரசும் சத்தம் கேட்டால் ரோட்டார் அச்சோ பேரிங்கோ தேய்ந்து, ரோட்டார் மூடியில் படுகிறது; உடனே நிறுத்துங்கள்.

பின்மூடி திறக்கவில்லை, ஸ்ட்ராப் பின் கழலவில்லை

திறப்பதற்கு மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சீகோ 6159-உம் 1970-களின் ஒமேகா பிளோப்ரோஃப் 600-உம் ஒரே கட்டியாகச் செதுக்கிய கேஸ். பின்னால் மூடியே கிடையாது, கண்ணாடிப் பக்கமாகத்தான் திறக்க வேண்டும். மூடி உள்ளவற்றில் துரு பிடித்து இறுகியிருந்தால் சரியான அளவுச் சாவியும் கேஸைப் பிடிக்கும் தாங்கியும் இல்லாமல் முயல வேண்டாம். வழுக்கிய சாவியின் கோடு ஒவ்வொரு பழைய மூடியிலும் இருக்கிறது. இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம்.

பிரித்தானியப் படைக்குப் போன சப்மரீனர்களில் லக் நடுவே இருக்கும் கம்பி ஸ்பிரிங் பார் இல்லை, கேஸோடு சேர்த்துப் பற்றவைத்தது. அதைக் கழற்ற முயன்றால் வாட்சின் முக்கிய அடையாளமே போய்விடும். ஒற்றைத் துணிப் பட்டையை அடியில் விட்டு எடுப்பதுதான் முறை.

கேஸில் குழி விழுந்திருக்கிறது

வெளியில் தெரியும் குழி அழகு சம்பந்தப்பட்டது, விட்டுவிடலாம். பின்மூடியைத் திறந்ததும் கேஸ்கெட் உட்காரும் பள்ளத்தில் தெரியும் குழிதான் முக்கியம். காற்று புகாத அந்த இடுக்கில் உப்புத் தேங்கி எஃகை அரித்திருக்கும். குழி கேஸ்கெட்டின் அகலத்தைக் குறுக்காகத் தாண்டினால் எத்தனை புது கேஸ்கெட் போட்டாலும் பனி திரும்ப வரும். லேசர் வெல்டிங்கில் நிரப்பிக் கடைந்து எடுப்பதுதான் தீர்வு. இது தண்ணீரைத் தடுக்கும் இடம், ஆகவே செய்யலாம். வெளிப்பக்கக் குழிகளையும் சேர்த்துப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று மெக்கானிக் கேட்பார். வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். லக் விளிம்பின் சாய்வுகளும் கிரவுன் காப்பின் முனைகளும் ஒருமுறை உருண்டுபோனால் முடிந்தது.

அக்ரிலிக் கண்ணாடியில் கீறல் மட்டும் என்றால் பாலிஷ் பசையால் தேய்த்தால் போய்விடும். ஆல்கஹால் போட்டுத் துடைக்காதீர்கள், நுண்விரிசல் கிளம்பும். ஓரத்தில் விரிசல் தெரிந்தால் கண்ணாடியை மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

எண்களும் பாகங்களும் ஒத்துப்போகவில்லை

சீகோவில் சுலபம். பின்மூடியில் வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டு, இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு அவற்றின் ஆங்கில முதலெழுத்து. 6309-7040 1976-இலிருந்து 1988 வரை வந்ததால் 7 என்பது 1977-ஆகவும் இருக்கலாம், 1987-ஆகவும் இருக்கலாம். டயலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீடு பின்மூடி எண்ணோடு ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். 6105-இல் இன்னொரு துப்பு: 1970 வாக்கில்தான் டயலிலும் மூடியிலும் ‘ப்ரூஃப்’ என்ற சொல் ‘ரெசிஸ்ட்’ ஆக மாறியது. டயலில் ஒன்றும் மூடியில் மற்றொன்றும் இருந்தால் மாறும் காலத்து வாட்சா என்று வரிசை எண்ணைப் பாருங்கள். ஆண்டு தள்ளியிருந்தால் இரண்டு வாட்சைச் சேர்த்து ஒன்றாக்கியது.

ரோலெக்ஸ் 5513-இல் 1960-களின் கடைசியில் ஆழ எழுத்தின் வரிசை மாறியது: முன்பு மீட்டர் முதலில், பிறகு அடி முதலில். அந்தக் காலத்து மூடியின் உட்புறம் காலாண்டும் ஆண்டும் ரோமன் எண்ணோடு பொறித்திருக்கும். லக் நடுவே உள்ள வரிசை எண்ணின் ஆண்டோடு மூடியின் ஆண்டு ஒன்றிரண்டு வருஷம் முன்பின்னாக இருப்பது சகஜம். பத்து வருஷம் தள்ளியிருந்தால் மூடி மாறியது. சர்வீஸில் மாறிய பாகமா, ஏமாற்றுவதற்காகச் சேர்த்ததா என்பதை வாட்ச் தனியாகச் சொல்லாது. பழைய சர்வீஸ் ரசீதும், உறையில் போட்டு வைத்த பழைய பாகமும் இருந்தால் சொல்லும். விற்பவரிடம் மூடியின் உட்புறப் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.